நிஞ்சா வாளும் உப்புக் காற்றும்: ஒரு கரையோர ஆராய்ச்சி

1. நூல் நுதலுவது

கப்பல் கட்டுவது முதல் ஊறுகாய் போடுவது ஈறாக மனிதர் கைக்கொண்ட கலைகள் யாவற்றுக்கும் விளக்க நூல்கள் தோன்றிப் பெருகிவிட்ட இக்காலத்தில், வட சென்னையின் கடற்கரை இல்லங்களிற் சிலவற்றில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலும் காலஞ்சென்ற பாட்டனார் படத்துக்குக் கீழுமாக, வெட்டுவதற்கு ஒன்றுமின்றியும் வெட்டுவார் ஒருவருமின்றியும் தொங்கிக்கொண்டிருக்கும் நிஞ்சா வாள் என்னும் அலங்காரப் பொருளைக் குறித்து மட்டும் முறையான விசாரணை ஒன்றும் நிகழாதிருப்பது ஆராய்ச்சி உலகுக்கு ஒரு குறை என்றே கருதவேண்டும். அக்குறையை நீக்குவதே இச்சிறு நூலின் பிரயோஜனம். இதைக் கற்பதற்கு அதிகாரிகள் யாவரெனின், அத்தகைய வாள் ஒன்றை வைத்திருப்போரும், வாங்க எண்ணியிருப்போரும், மகன் வாங்கிவந்துவிட்டதை என்செய்வதென்று தெரியாமல் திகைத்திருக்கும் பெற்றோருமாவர்.

ஆராய்ச்சிக்கு நிலைக்களனாகத் திருவொற்றியூரைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. மோட்டார் சைக்கிளுக்குப் பெயர்போன என்பீல்டு இந்தியா கம்பெனி 1955-இல் வேரூன்றியதும், 1946-இல் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கிய தொழில் பின்னர் எம்.ஆர்.எப். என்னும் டயர்ப் பேரரசாக விரிந்ததும், தீக்குச்சி செய்த விம்கோ தன் பெயரை ஒரு நகருக்கும் ரயில் நிலையத்துக்கும் விட்டுச்சென்றதும், எதையும் தேய்த்துக் கூராக்க வல்ல சாணைக் கற்களையும் உப்புத்தாள்களையும் உற்பத்தி செய்யக் கார்போரண்டம் யுனிவர்சல் 1954-இல் பிறந்ததும் ஆகிய இத்தனையும் இவ்வூரின் சரித்திரத்தைச் சேர்ந்தவை. உலோகத்தையும் ரப்பரையும் கந்தகத்தையும் உபயோகமுள்ள பண்டங்களாக மாற்றுவதையே மூன்று தலைமுறையாகத் தொழிலாகக் கொண்ட ஜனங்கள், ஷிப்டு முடிந்து வீடு திரும்பி, ஒரு காலத்திலும் ஒரு காரியத்துக்கும் உபயோகப்படாத ஒரு வாளுக்கு எண்ணெய் தடவுவது ஏன் என்பதே நம்முன் நிற்கும் பிரச்சினை.

2. பொருளிலக்கணம்

நிஞ்சா வாளுக்கு இலக்கணம் மூன்று: வளைவில்லாத அலகு, சதுரமான கைக்காப்பு, கறுத்த உறை. இம்மூன்றில் முதலாவது குறைந்து அலகு சற்றே வளைந்திருக்குமாயின் அது கடானா என்னும் சாமுராய் வாளாகிவிடும். அதன் இலக்கணம் வேறு, விலை வேறு, அதை வைத்திருப்போரின் தோரணையும் வேறு. நம் ஆராய்ச்சிக்கு உரிய வாளின் அலகு பெரும்பாலும் ஒன்றரை அடிக்கும் இரண்டடிக்கும் இடைப்பட்டது, மலிவான துருப்பிடிக்காத எஃகினால் ஆனது, விளிம்பு தீட்டப்படாதது, அன்றியும் கறுப்புச் சாயம் பூசப்பெற்றது.

ஜப்பானியர் தம் மெய்யான வாள்களின் கைப்பிடியில் திருக்கை மீனின் சொரசொரப்பான தோலைப் போர்த்தி, அதன்மேல் பட்டுக் கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் சுற்றுவது வழக்கம். அலங்கார வாளில் பட்டுக்குப் பதில் நைலானும், திருக்கைத் தோலுக்குப் பதில் அதன் புள்ளிகளை அச்செடுத்த பிளாஸ்டிக்கும் வந்தமர்ந்துவிட்டன. திருக்கையை வலையோடு இழுத்துவந்து கரையில் போட்டு, கூறுகட்டி விற்று, மிளகு தூக்கலாகக் குழம்பு வைத்து உண்ணும் ஊரில், வீட்டுச் சுவரிலிருக்கும் திருக்கை மட்டும் பிளாஸ்டிக்காக இருப்பது சிந்திக்கத்தக்கது.

வெளிக்குத் தெரியாத அங்கம் ஒன்றுண்டு. மெய்யான வாளில் அலகு கைப்பிடிக்குள் நெடுந்தூரம் சென்று முளையால் பிணைக்கப்பட்டிருக்கும். அலங்கார வாளிலோ அலகின் அடியில் மெல்லிய இரும்புக் கம்பி ஒன்று பற்றவைக்கப்பட்டு, கைப்பிடியின் கோடியில் மரையால் முடுக்கப்பட்டிருக்கும். இதற்கு எலிவால் என்று பெயர். இவ்வாளை ஓங்கி வீசினால் பற்றவைத்த இடம் விட்டுப்போய், கைப்பிடி வீரனிடமும் அலகு எதிரே அமர்ந்திருக்கும் மாமாவிடமும் சென்று சேரும். ஆகையால் இவ்வாளை வீசலாகாது என்பது தர்மோபதேசமன்று. வெல்டிங் சம்பந்தப்பட்ட உண்மை.

இனி, வைக்கப்படும் இடத்தை ஒட்டி இவ்வாள்கள் மூவகைப்படும். சுவரில் மாட்டப்படுவது சுவர்வாள். இரு கிளையுள்ள மரத் தாங்கியில் கிடத்தப்படுவது பீடவாள். பழைய போர்வையில் சுற்றப்பட்டு அடியில் தள்ளப்படுவது கட்டில்வாள். இவற்றை மூன்று ஜாதிகள் என்று கொள்வதினும் ஒரே வாளின் மூன்று பருவங்கள் என்று கொள்வதே அனுபவத்துக்கு ஒத்தது. வாங்கிய மாதத்தில் அது பீடத்தில் இருக்கும். பீடத்தின் இடத்தை மிக்ஸி கோரும்போது சுவருக்கு ஏறும். பெண் பார்க்க வருகிறார்கள் என்ற செய்தி வந்த நாளில் கட்டிலடிக்கு இறங்கும்.

3. பூர்விக விசாரணை

ஒரு பொருளை நிலைநாட்டுவதற்குப் பிரத்தியட்சம், அனுமானம், ஆகமம் என்னும் மூன்று பிரமாணங்களைக் கூறுவர் தருக்க நூலோர். அவற்றுள் பிரத்தியட்சத்தால் நிஞ்சா வாள் உண்டு என்பது வெளிப்படை. அது சுவரில் தொங்குகிறது. அனுமானத்தாலோ, புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பவர் வாளைக் கண்டு அதை ஏந்திய வீரனை ஊகிக்க முற்படுவர். இங்கேதான் இடறல் நேர்கிறது.

நிஞ்சாக்கள் இருந்தது மெய். ஜப்பானில் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் பிரபுக்கள் தம்முள் ஓயாது பொருதுகொண்டிருந்த காலத்தில், இகா, கோகா என்னும் மலைநாட்டுப் பகுதிகளைச் சேர்ந்தோர் ஒற்றறிதல், ஊடுருவுதல், தீவைத்தல் முதலிய தொழில்களில் பேர்பெற்று விளங்கினர். அவர்தம் வித்தைகளைத் தொகுத்துரைக்கும் பான்சென்ஷூகாய் 1676-லும், ஷோனின்கி 1681-லும் எழுந்தன. ஆயினும் அந்த மரபினர்க்கே உரியதாக நேரான அலகும் சதுரக் கைக்காப்பும் கொண்ட ஒரு தனி வாள் வழங்கியதென்பதற்கு 20-ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட உறுதியான சான்று ஒன்றும் கிடைத்திலது. ஜப்பானில் நேர்வாள் முன்னொரு காலத்தில் இருந்ததுண்டு. சொக்குடோ எனப்பட்ட அது, ஏறத்தாழ 10-ஆம் நூற்றாண்டோடு வளைந்த வாளுக்கு வழிவிட்டு ஒதுங்கிவிட்டது. நிஞ்சாக்கள் தலையெடுத்ததோ அதற்குப் பல நூற்றாண்டுகள் பின்னர். கண்ணில் படாமல் திரிவதே தொழிலாகக் கொண்டவன், ஊரில் ஒருவரும் வைத்திராத வடிவில் வாள் ஒன்றைச் செய்வித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்திருப்பானா என்பதும் யோசிக்கத்தக்கது.

அங்ஙனமாயின் இது எங்கிருந்து வந்தது? 1956-இல் ஜப்பானில் வெளியான ஒரு சிறு பிரசுரத்தில் நேர்வாளின் புகைப்படம் தோன்றியது. 1962 முதல் நிஞ்சாக்களைப் பற்றிய திரைப்படங்கள் அங்கே பெரும் அலையாக எழுந்தன. 1964-இல் இகாவில் நிஞ்சா அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. 1981-இல் ‘என்டர் தி நிஞ்சா’ என்னும் அமெரிக்கப் படமும் அதன் வழித்தோன்றல்களும் அவ்வாளை உலகின் வீடியோக் கடைகள்தோறும் கொண்டுசேர்த்தன. ஆகவே மூன்றாம் பிரமாணமாகிய ஆகமம் இங்கே சினிமாவே என்பது பெறப்படும்.

இதற்குப் பூர்வபட்சமாக ஒரு சாரார் எழுந்து, போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து சீனம் சென்றார் ஆதலானும், சீனத்திலிருந்து கலைகள் ஜப்பானுக்குப் பரவின ஆதலானும், நிஞ்சா வாள் ஆதியில் தொண்டை நாட்டுப் பொருளே என வாதிப்பர். 2011-இல் ‘ஏழாம் அறிவு’ படம் வெளிவந்த பின்னர் இக்கட்சிக்கு ஆள்பலம் கூடியிருக்கிறது. இவ்வாதத்தை ஏற்பின் காஞ்சியிலிருந்து புறப்பட்ட வாள் சீனம், ஜப்பான், ஹாலிவுட் ஆகியவற்றை வலம்வந்து, அட்டைப்பெட்டிக்குள் அடங்கித் திருவொற்றியூர் தேரடிக்கு வந்துசேர ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் ஆயின என்று கொள்ளவேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தால் அரை நாளில் வந்திருக்கும். எனவே அக்கட்சி நிராகரிக்கப்படுகிறது.

இவ்வாளின் மகிமைகளாகச் சொல்லப்படுவனவற்றையும் ஸ்தலத்தை ஒட்டிப் பரிசீலிப்பது கடமை. சதுரக் கைக்காப்பின்மேல் கால்வைத்து மதிலேறலாம் என்பது ஒன்று. வட சென்னையின் மதில்கள் உச்சியில் கண்ணாடிச் சில்லுகள் பதிக்கப்பெற்றவை ஆதலின், ஏறுவது கூடுமாயினும் இறங்குவது கூடாது. உறையின் நுனியைத் திறந்து அதை மூச்சுக்குழலாகக் கொண்டு நீருக்கடியில் மறைந்திருக்கலாம் என்பது மற்றொன்று. 1806 அளவில் எண்ணூர் வரை வெட்டப்பட்டதும் பிற்காலத்தில் பக்கிங்ஹாம் எனப் பெயர் பெற்றதுமான கால்வாயே இவ்வட்டாரத்தில் மறைந்திருக்க ஏற்ற நீர்நிலை. அதன் இக்கால நிலையை அறிந்தோர், அதனுள் ஒளிந்திருப்பதைவிடப் பகைவனிடம் சரணடைவதே சுகாதாரம் என்பர்.

முடிவு என்னவெனின், நிஞ்சா வாள் பூர்விகம் இல்லாத வாள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் தஞ்சை அரண்மனை ஆயுதங்களுக்கு வம்சமும் உண்டு, அவற்றைத் துடைக்கச் சம்பளம் பெறும் ஊழியரும் உண்டு. தக்காணத்திலும் தஞ்சையிலும் வழங்கிய பிரங்கி என்னும் வகைக்கு, ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த நேரான அலகோடு நம்மவர் செய்த கைப்பிடி பூட்டி, போர்க்களம் கண்ட பெருமை உண்டு. இப்பாவப்பட்ட வாளுக்கோ முன்னோரும் இல்லை, போரும் இல்லை, கூரும் இல்லை. அதற்குள்ள சரித்திரமெல்லாம் அதை வாங்கிய வீட்டில் அதற்கு நேர்ந்தது மட்டுமே. அங்கே அதற்கு என்ன நேர்கிறது என்பதே இனி நாம் காணப்போவது.

4. ஸ்தான நிர்ணயம்

வாளைக் கிடத்தும்போது வெட்டுவாய் மேல்நோக்கியும் கைப்பிடி பார்ப்பவருக்கு இடப்புறமாகவும் இருத்தல் ஜப்பானிய மரியாதை. வலக்கையால் சட்டென உருவ ஏலாத அந்நிலை சமாதானத்தைக் குறிக்கும். நம்மவர் வீடுகளில் கைப்பிடி எப்பக்கம் இருப்பது என்பதைச் சம்பிரதாயம் தீர்மானிப்பதில்லை; ஸ்விட்ச் பெட்டி எப்பக்கம் இருக்கிறதோ அதுவே தீர்மானிக்கிறது.

எந்தச் சுவரில் மாட்டுவது என்னும் வினாவுக்கு வாஸ்து நூலோர் திசைக்கொரு விடை கூறுவர். ஆயின் அந்நூல்களை இயற்றிய பெரியோர் கிழக்கே வங்கக் கடலும் மேற்கே மணலிச் சுத்திகரிப்பாலையும் வடக்கே எண்ணூர் அனல்மின் புகைபோக்கிகளும் சூழ்ந்த ஒரு ஸ்தலத்தைக் கற்பனை செய்தாரில்லை. கிழக்குச் சன்னல் எதிரே மாட்டினால், நண்பகலை ஒட்டி எழும் கடற்காற்று உப்புத் துளிகளை நேரே அலகின்மேல் தெளிக்கும். மேற்குச் சன்னல் எதிரே மாட்டினால், ஆலைப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு ஈரத்தோடு கூடி அமிலமாகி அதன் வேலையைச் செய்யும். ஆதலின் சன்னலே இல்லாத உட்சுவரே உத்தமம். அத்தகைய சுவர் உள்ள இடத்தில் ஏற்கெனவே பீரோ இருக்கும்.

ஆணியைப் பற்றி விரித்துரைப்பது அவசியம். இவ்வூர்ப் பழைய வீடுகளின் சுவர்கள் உப்புப் பூத்துப் பொரிந்து, ஆணி அடித்தால் ஆணியையும் காரையையும் ஒருங்கே திருப்பித் தருவன. துறைமுகத்தை நோக்கி எண்ணூர் நெடுஞ்சாலையில் அணிவகுத்து ஊரும் கண்டெய்னர் லாரிகள், ஒவ்வொன்றும் கடக்கும்தோறும் சாலையோரச் சுவர்களைச் சற்றே அசைத்துச் செல்கின்றன. இவ்விரண்டு காரணங்களும் கூடுமிடத்தில், இரவில் ஒருவரும் தீண்டாமலே வாள் தரையில் விழுந்து ஓசையெழுப்புவதுண்டு. அதனை நிஞ்சா வந்துபோன அறிகுறியாகக் கொண்டு சிறுவர் மகிழ்வர். அறிவுடையோர் மறுநாள் துளைக்கருவியால் துளையிட்டு, பிளாஸ்டிக் செருகி, திருகாணி முடுக்குவர். கட்டிலின் தலைமாட்டுக்கு மேலும், குழந்தைக்கு எட்டும் உயரத்திலும், மின்விசிறியின் சுற்றெல்லையிலும் வாள் மாட்டுவது எந்தச் சித்தாந்தத்துக்கும் சம்மதமன்று.

5. தைலக் காப்பு

இந்நூலின் உயிர்நிலை இப்பகுதியே. அலகின்மேல் படியும் உப்பு தானாக வெளியேறுவதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடந்த மாத்திரத்தில் அது காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். ஐப்பசி மாதத்தில் அடுக்களை உப்பு ஜாடியைத் திறந்து பார்ப்போர்க்கு இதற்கு வேறு நிரூபணம் வேண்டுவதில்லை. அங்ஙனம் நனைந்த இரும்பு, பிராணவாயுவோடு கூடித் துருவாகிறது. இது துருப்பிடிக்காத எஃகாயிற்றே என்று விலைச்சீட்டைக் காட்டுவோர் உளர். அவ்வகை எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் அளவுக்குக் குரோமியம் கலந்திருப்பதும், அக்குரோமியம் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குவதும் மெய்யே. ஆயின் உப்பிலுள்ள குளோரைடு அப்படலத்தை ஆங்காங்கே துளைத்து, ஊசி குத்தினாற்போன்ற பள்ளங்களை விளைவிக்க வல்லது. துருப்பிடிக்காத எஃகு என்பது கடலில்லாத ஊரில் வைத்த பெயர்.

பரிகாரம் யாதெனின், முதலில் உப்பை நீக்குவதும், அடுத்து ஈரத்தை நீக்குவதும், ஈற்றில் எண்ணெயால் மூடுவதுமாம். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் அலகை ஒருமுறை துடைத்து, பலமுறை துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துண்டால் நன்கு உலர்த்தி, அதன்பின் எண்ணெயை இருக்கிறதோ இல்லையோ என்று ஐயுறும் அளவுக்கு மெல்லியதாகப் பூசவேண்டும். வெறுங்கையால் அலகைத் தொடலாகாது, வியர்வையும் உப்புநீரே.

எந்த எண்ணெய் என்பதில் மூன்று மதங்கள் உள. தேங்காயெண்ணெய் மதத்தார், தலைக்கு நல்லது தகட்டுக்குத் தீதாகுமோ என்பர். அது எளிதில் பிசினாகாது என்னும் குணம் உண்டெனினும், நாட்பட்டால் சிக்கடித்து அமிலம் பிறப்பிக்கும் தோஷமும் உண்டு. நல்லெண்ணெய் மதத்தார் பெயரிலேயே நல்லது இருப்பதை நம்பியவர். அவ்வெண்ணெய் நாளடைவில் பாதி உலர்ந்து பிசுக்காகி, அனல்மின் சாம்பல் தூசு முழுவதையும் தன்மேல் ஈர்த்துக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெய் மதத்தாரே வெற்றிபெற்றவர். மெல்லிய கனிம எண்ணெயாகிய அது கெடுவதுமில்லை, உலர்வதுமில்லை, தையற்காரர் வீட்டில் இரவலாகவும் கிடைக்கிறது. ஜப்பானியர் தம் வாளுக்குப் பூசும் எண்ணெயில் கிராம்பின் மணம் சேர்ப்பர். அதை விரும்புவோர் கிராம்பு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு தையல் மிஷின் எண்ணெயைத் தடவலாம்.

எண்ணெய்க்கும் கருவிக்கும் உள்ள தாரதம்மியத்தை இவ்வூர் அன்றே கண்டதாகும். அறுபத்து மூவருள் ஒருவராகிய கலிய நாயனார் திருவொற்றியூரில் எண்ணெய் வாணிகம் செய்தவர். கோயில் விளக்குகளை இரவும் பகலும் எரித்தே செல்வம் முழுவதும் கரைந்த நாளில், எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியையே வார்க்கத் துணிந்து மிடற்றில் கருவியை வைத்தபோது இறைவன் கையைப் பற்றித் தடுத்தருளினான் என்பது பெரிய புராணச் செய்தி. இவ்வூர் ஸ்தல வரலாற்றில் புகழோடு ஓங்கப்பட்ட கருவி ஒன்று உண்டெனின் அது எண்ணெயின் பொருட்டே ஓங்கப்பட்டது. அக்கோயிலின் ஆதிபுரீசுவரரும் ஆண்டு முழுவதும் கவசத்தோடு விளங்கி, கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டுமே கவசமின்றிப் புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்தக் காட்சி தருவார். எதையும் மூடி வைப்பதற்கும் காலமறிந்து தைலம் சாத்துவதற்கும் மேலான முன்மாதிரி இக்கரையில் வேறில்லை.

விலக்குகளையும் கூறுவோம். வாளை மழைக்காலம் முழுவதும் உறைக்குள்ளேயே வைத்திருப்பது பெரும்பிழை. மர உறை ஈரத்தைப் பிடித்து வைப்பதோடு தன் அமில ஆவியையும் அலகுக்கு ஊட்டும். வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கோடு சேர்த்து வாளையும் புளியிட்டுத் தேய்க்கும் வழக்கம் சில இல்லங்களில் தலைகாட்டுகிறது. பித்தளைக்கு அமிர்தமான புளி இங்கே கறுப்புச் சாயத்தையும் காப்புப் படலத்தையும் ஒருங்கே கவர்ந்துசெல்லும். துருப்புள்ளி கண்டவுடன் உப்புத்தாளை எடுப்பது அதனினும் கொடிது. உப்புத்தாளும் சாணைக்கல்லும் செய்த ஊராதலின், கம்பெனியில் வேலைபார்த்த சித்தப்பா ஒருவரேனும் வீட்டுக்கு வீடு இருப்பார். அவர் கையில் வாள் அகப்பட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் அது கண்ணாடியாகப் பளபளக்கும், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முழுவதும் சிவக்கும். அன்றியும் அவர் ஆர்வமிகுதியால் விளிம்பையும் தீட்டிவிடுவார். அதன் விளைவு ஏழாம் பகுதியில் பேசப்படும்.

6. ஆயுத பூஜைப் பந்தி வழக்கு

ஆயுத பூஜையன்று நிஞ்சா வாளைப் பூஜையில் வைக்கலாமா, வைப்பின் எந்த வரிசையில் என்பது பெரிதும் சிக்கலான வழக்கு. பெயரை நோக்கின் அந்நாள் ஆயுதங்களுக்கே உரியது. வீட்டிலுள்ள பொருள்களுள் ஆயுத வடிவம் உடையது இவ்வாள் ஒன்றே. ஆயின் ஆலைப்பகுதி மக்கள் அந்நாளில் வணங்குவது லேத்தையும், ஸ்பானரையும், வெல்டிங் துப்பாக்கியையும், ஆட்டோவையும், வலை பின்னும் ஊசியையும், மீன் அரியும் அரிவாள்மனையையும். சோறு போட்டது எதுவோ அதற்கே சந்தனம் என்பது அவ்வழிபாட்டின் தத்துவம். பதினெட்டு ஆண்டு மூன்று ஷிப்டிலும் உழைத்துத் தேய்ந்த ஸ்பானர் ஒன்று, அட்டைப்பெட்டியிலிருந்து இறங்கியது முதல் ஒரு வாழைப்பழத்தைக்கூட நறுக்கியறியாத வாளுக்குப் பின்வரிசையில் அமர்வது நியாயமாகாது.

வாளின் கட்சியார் கூறும் சமாதானமும் புறக்கணிக்கத் தக்கதன்று: உழைத்த கருவிக்கு ஓய்வு தருவதே அந்நாளின் கருத்தாயின், ஓய்வில் இதற்கு நிகரான தேர்ச்சி பெற்ற கருவி வேறெது? இரு கட்சியையும் சீர்தூக்கி நாம் வழங்கும் தீர்ப்பு: சம்பளம் ஈட்டிய கருவிகள் முதல் வரிசை, சமையலுக்கு உதவியவை இரண்டாம் வரிசை, பிள்ளைகளின் புத்தகங்கள் சரஸ்வதிக்குரிய மேடை; வாளோ பொரியும் கடலையும் வைத்த தட்டுக்குப் பின்னால், தெரிந்தும் தெரியாமலும்.

இவ்வழக்கோடு ரசாயனமும் கலந்திருக்கிறது. அலகின்மேல் இடும் சந்தனப் பொட்டு நீரில் குழைத்தது ஆதலின், காயும்வரை ஈரத்தைத் தாங்கி நின்று, காய்ந்தபின்னும் கடற்காற்றின் ஈரத்தை உறிஞ்சி, அடுத்த ஆண்டுக்குள் தன் வட்டத்தை அப்படியே துருவாக எழுதிவிடும். நுனியில் செருகும் எலுமிச்சம்பழமோ தன் புளிப்பால் சாயத்தையும் எஃகையும் அரிக்கும். பக்தியும் பராமரிப்பும் முரணாதிருக்க, சந்தனத்தை உறையின்மேலும், எலுமிச்சையை வழக்கம்போல் ஆட்டோச் சக்கரத்தின் அடியிலும் வைப்பதே முறை.

7. ராஜ சாசனம்

சேகரிப்போர் சட்டமும் அறிந்திருத்தல் நலம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை ஒட்டிய 2016-ஆம் ஆண்டு விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உடைய அலகு கொண்ட வாள், கட்டாரி முதலிய கூரிய கொலைக்கருவிகளை ஒரு வகையாக நிறுத்தி, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தொழிலுக்கும் ஆக்கப்பட்டவற்றை அதிலிருந்து விலக்குகின்றன. அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் அவ்வகைக் கருவியை வைத்திருக்க உரிமம் வேண்டும். எனவே வாழைத்தாரைச் சீவும் கத்தி குற்றமற்றது. ஒன்றும் சீவாத வாளோ விசாரணைக்குரியது. கூரே இல்லாத வாள் கூரிய கருவியாகுமா என்பது வழக்கறிஞர் பலர் பசியாற ஏற்ற வினா. மேற்படி சித்தப்பா விளிம்பைத் தீட்டிவிட்டாரெனின் அவ்வினாவுக்கே இடமிராது.

சரித்திரம் வகுக்கத் தவறிய இவ்வாளின் இலக்கணத்தைச் சட்டமே முதலில் வகுத்தது என்பதும் இங்கே குறிக்கத்தக்கது. ஒரு சிறுவன் இத்தகைய வாளுக்கு இரையான துயரத்தை அடுத்து எழுந்த முயற்சியால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 14 அங்குலம் முதல் 24 அங்குலம் வரை நீண்ட, நேரான வெட்டுவாயும் சாய்வெட்டான நுனியும் உடைய நிஞ்சா வாள் 2025 ஆகஸ்ட் 1 முதல் தடைசெய்யப்பட்டது. விளையாட்டுப் பொருளும் தீட்டப்பட்ட கணத்தில் விளையாட்டு அல்லாததாகிவிடும். பராமரிப்பின் அங்கங்களுள் மழுக்கமாகவே வைத்திருப்பதும் ஒன்று என்று நாம் விதிப்பது இதனால்தான்.

உள்ளூர் நிலவரமும் அதுவே. 2018 பிப்ரவரியில் மாங்காட்டை அடுத்த மலையம்பாக்கத்தில் பிறந்தநாள் கேக்கை வீச்சரிவாளால் வெட்டிய கொண்டாட்டத்தைப் போலீசார் சுற்றிவளைத்து 70-க்கும் மேற்பட்டோரைப் பிடித்த நாள் முதலாக, கேக்குக்கும் நீண்ட அலகுக்கும் உள்ள உறவைக் காவல்துறை நகைச்சுவையாகக் கொள்வதில்லை. வாளோடு நின்று எடுத்த படத்தைக் கைபேசி வழியே ஊரறிய வெளியிடுவோர், நிஞ்சா என்பவன் தன்னைப் பிறர் அறியாமற் காத்தவன் என்னும் முதற்பாடத்தையே கற்றவரல்லர்.

8. சித்தாந்தம்

திருவொற்றியூர்க் கடற்கரையில் சமாதி கொண்ட பட்டினத்தார், இறுதிப் பயணத்தில் ஓர் ஊசியும் உடன்வாராது என்று உணர்ந்து செல்வம் துறந்தவர். அப்பெரியார் உறையும் ஊரில் வாள் சேகரிப்பது அடாது என்று சிலர் ஆட்சேபிக்கலாம். துறவிக்கு எது உடன்வரும் என்பது கேள்வி. இல்லறத்தாருக்கோ, உடன்வராவிடினும் அதை இன்று துடைப்பவர் யார் என்பதே கேள்வி. பூர்விகம் இல்லாமையால் வம்சாவளியும், போர் காணாமையால் வீர வரலாறும் இவ்வாளுக்கு இல்லை என்று முன்னர்க் கண்டோம். அது எதிர்த்து நின்ற பகை கடற்காற்று ஒன்றே. அப்பகையை வென்றதும் வாளன்று, வேட்டித் துண்டும் ஒரு சொட்டு எண்ணெயும். ஆகவே இவ்வாளுக்கு உரியவர் அதை வாங்கியவரல்லர், துடைப்பவரே என்பது நம் சித்தாந்தம்.

இச்சித்தாந்தத்தை ஒப்புக்கொண்டால் இவ்வட்டாரத்து நிஞ்சா வாள்களிற் பெரும்பாலானவை, அவற்றை ஆசையோடு வாங்கி ஒரு மாதத்துக்குப்பின் மறந்த இளைஞர்களிடமிருந்து நீங்கி, ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே அவற்றையும் துடைத்துவைத்த அன்னையர்க்கு உடைமையாகிவிடும். உடைமை மாறிய மறுநாளே அவை காயலான் கடைக்குப் போகும் என்று இளைஞர் அஞ்சவேண்டுவதில்லை. இவ்வாளின் எஃகு, பெரும்பாலான எவர்சில்வர்ப் பாத்திரங்களின் எஃகைப் போலன்றிக் காந்தத்தில் ஒட்டும் ஜாதி. கடைக்காரர் தம் காந்தத்தை வைத்துப் பார்த்து, அது ஒட்டிய மாத்திரத்தில் எவர்சில்வர் விலையை மறுத்து இரும்பு விலையே பேசுவார். கைப்பிடிப் பிளாஸ்டிக்குக்கும் நைலானுக்கும் எடையில் கழிவு போடுவார். அந்த விலைக்கு அதைக் கொடுக்க மானமுள்ள எந்தத் தாயும் சம்மதியாள். கொடுப்பதினும் துடைத்து வைப்பதே லாபம் என்று கண்டு, தையல் மிஷின் எண்ணெய் வாங்கிவரும்படி மகனையே கடைக்கு அனுப்புவாள்.